நாலு கவர், ரெண்டு ராத்திரி: செங்கோட்டையிலிருந்து மன்றோ தீவுக்கு

எங்கள் வீட்டில் தீவு ஆசையைக் கிளப்பியது சின்னவள். பாடப் புத்தகத்தில் அந்தமானைப் பார்த்துவிட்டு வந்து, பிடித்த பிடியை விடவில்லை. சரி என்று ஒருநாள் காகிதம் பேனாவோடு உட்கார்ந்தேன். செங்கோட்டையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து விமானம், நாலு டிக்கெட், வந்த வழியே திரும்பவும் வரவேண்டும். தீவில் கால் வைக்கும் முன்பே கையிருப்பு காலி. லட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்து கப்பல் இருக்கிறது. ஆனால் நுழைவு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். முதல் பயணத்துக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

கணக்குப் போட்டதில் ஒன்று தெரிந்தது. செலவு வைப்பது தீவு அல்ல, தீவுக்குப் போய்ச் சேருவதுதான். அப்படியானால் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் கொல்லம் பக்கம் இருக்கிற தீவுக்கே போவோமே என்று பிடித்ததுதான் மன்றோ தீவு. மலையாளத்தில் மன்றோ துருத்து. கல்லடா ஆறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்தில், ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் எழுந்த குட்டித் தீவுகளின் கூட்டம். தென்னை, அலையாத்திக் காடு, இறால் குட்டை, கயிறு திரிக்கும் வீடுகள். நீலக் கடலும் வெள்ளை மணலும் அங்கே கிடையாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். அது வேண்டுமென்றால் இந்தப் பதிவு உங்களுக்கு உதவாது.

1. முதலில் தேதி, அப்புறம்தான் மற்றது

தினசரிக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றாலத்தில் சாரல் என்றால் மலைக்கு அந்தப் பக்கம் அடைமழை; ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை அடித்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழி இரண்டையும் அடியுங்கள். சபரிமலைக் காலத்தில் நம் பாதை முழுக்க ஐயப்ப பக்தர்கள்தான், ரயிலில் நிற்கவும் இடம் இருக்காது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அறை வாடகையும் ஏறிவிடும். சித்திரை வெயிலில் காயல் நடுவே உட்கார்வது தண்டனை. மிஞ்சுவதில் நல்லது பொங்கல் கழிந்து மாசி முடியும்வரை. அதிலும் திங்கள் முதல் வியாழன் வரை உள்ள நாட்கள்.

இன்னும் ஒன்று பார்க்க வேண்டும், அமாவாசையும் பௌர்ணமியும். அஷ்டமுடிக் காயல் நீண்டகரையில் கடலோடு சேருகிறது. அதனால் கடலின் ஏற்றவற்றம் அப்படியே தீவுக்குள் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். தாழ்வான வீடுகளின் முற்றத்தில் தண்ணீர் ஏறும். இது வேடிக்கை பார்க்கிற விஷயமல்ல. அங்கே பல வீட்டுச் சுவர்களில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்து, கோடு போட்டதுபோல் நிற்கும். தென்மலையில் அணை வந்த பிறகு ஆற்றில் வண்டல் வரத்து குறைந்துவிட்டது, தீவு தாழ்ந்துகொண்டே போகிறது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அந்த இரண்டு திதிகளையும் விட்டு நாலைந்து நாள் தள்ளி உங்கள் தேதியை வையுங்கள்.

2. நாலு கவர்

பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர் நாலு எடுத்து வழி, தங்கல், வள்ளம் (சின்னப் படகு), சாப்பாடு என்று எழுதுங்கள். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள், இரண்டு ராத்திரிக்கு நாங்கள் போட்டது 9000 ரூபாய். வழிக்கு 1200, தங்கலுக்கு 3500, வள்ளத்துக்கு 2000, சாப்பாட்டுக்கு 2300. நீங்கள் போகும்போது விலை மாறியிருக்கும். எதற்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டும் பாருங்கள். வழிச்செலவு எல்லாவற்றிலும் சின்னதாக இருக்க வேண்டும். அது பெரிதாகிவிட்டால் நீங்கள் தூரத்துத் தீவைப் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். எந்தக் கவரில் கை வைத்தாலும் வள்ளக் கவரில் மட்டும் வைக்காதீர்கள், அதற்காகத்தான் போகிறோம்.

3. வழி

செங்கோட்டையில் கொல்லம் ரயில் ஏறுங்கள். 1904-ல் போட்ட மீட்டர்கேஜ் பாதை. அகலப்பாதையாக்கப் பல வருஷம் மூடிக் கிடந்து 2018-ல் திரும்ப ஓட ஆரம்பித்தது. ஆரியங்காவு தாண்டியதும் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம். தென்மலையிலிருந்து புனலூர் போகும் வழியில் கூடவே வருகிற ஆறு இருக்கிறதே, அதுதான் கல்லடா. அந்த ஆறு போய்ச் சேரும் இடத்துக்குத்தான் நீங்களும் போகிறீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள்.

எல்லோரும் கொல்லம்வரை போய், அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் திரும்ப வருவார்கள். அது வேண்டாம். கொல்லத்துக்கு முன்பே குண்டறாவில் இறங்கிவிட்டால் சிற்றுமலை வழியாக பஸ், இல்லாவிட்டால் ஆட்டோ. உங்கள் ரயில் குண்டறாவில் நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தீவிலேயே மன்றோதுருத்து என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. ஆனால் அது கொல்லம்–எர்ணாகுளம் பாதையில் இருப்பது, நிற்கும் வண்டிகளும் குறைவு.

திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாய் 1809-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகப் பிரகடனம் வாசித்தது இந்தக் குண்டறாவில்தான். அடுத்த வருஷம் திருவிதாங்கூருக்கு அதே கம்பெனியின் பிரதிநிதியாக, ரெசிடென்டாக, வந்த கர்னல் மன்றோவின் பெயர் பக்கத்துத் தீவுக்கு ஒட்டிக்கொண்டது. ஆட்டோவில் போகும்போது இதை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம்.

4. அறை

இணையத்தில் படத்தைப் பாருங்கள், பணத்தைக் கட்டாதீர்கள். இரண்டு மூன்று ஹோம்ஸ்டேக்களின் எண்ணை எடுத்து நேரே பேசுங்கள். இடையில் ஆள் இல்லாவிட்டால் வாடகையும் கொஞ்சம் இறங்கும். தமிழிலேயே பேசலாம், புரிந்துகொள்வார்கள். நாம்தான் இரண்டு வார்த்தையில் ஏமாந்துபோவோம். மதுரையிலிருந்து எங்களோடு சேர்ந்துகொள்வதாக இருந்த மச்சான், வீட்டுக்கார சேச்சியிடம் போனில் பேசிவிட்டு அரண்டுபோய் என்னைக் கூப்பிட்டான். “அத்தான், ரூமுக்கு வெளியிலேயே எப்பவும் வெள்ளம் இருக்காம். தோட்டுக்குள்ள வேற கூட்டிட்டுப் போவாங்களாம், காதுத் தோட்டுக்குள்ள எப்படிப் போறது?” மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். தோடு என்றால் வாய்க்கால். சேச்சி குடிதண்ணீர் வைத்திருப்பதைச் சொல்லியிருக்கிறார்.

கேட்க வேண்டியது மூன்று. அறை தரையிலிருந்து எத்தனை படி உயரத்தில் இருக்கிறது? காலைச் சாப்பாடு வாடகையில் சேர்த்தியா? வள்ளம் அவர்களுடையதா, வேறு ஆளுடையதா? காயல் பார்த்த அறைக்குக் கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்தப் போகிறீர்கள்.

5. வள்ளம்

முதல் தடவை நாங்கள் போனபோது ஏஜென்ட் ஒருவர் மூலம் எல்லாவற்றையும் சேர்த்தே பேசிவிட்டோம். சூரிய உதய சவாரி என்றார்கள். போனபிறகு, காலையில் வள்ளம் இல்லை, பன்னிரண்டு மணிக்கு வாருங்கள் என்றார்கள். உச்சி வெயில், வற்ற நேரம். ஒரு தோட்டின் நடுவே அடிப்பலகை சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அறுபது வயசு சேட்டா சேற்றில் இறங்கித் தள்ளுகிறார், நான் குடையோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்த அரைமணி நேரக் கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே முந்தின நாள் சாயங்காலமே வள்ளக்காரரைப் போய்ப் பாருங்கள். நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் நல்லா இருக்கும் என்று அவரிடமே கேளுங்கள். ஏற்றம் தினமும் முக்கால் மணி, ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். அவருக்கு அது விரல் நுனியில். பொழுது விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே கிளம்பினால் உத்தமம். ஆளுக்கு இவ்வளவா, வள்ளத்துக்கு இவ்வளவா, எத்தனை மணி நேரம் என்பதை அப்போதே பேசி முடித்துவிடுங்கள். மோட்டார் போட் வேண்டாம். சின்னத் தோடுகளுக்குள் அது நுழையாது. கழுக்கோல் என்கிற நீளக் கம்பை ஊன்றிப் போகிற வள்ளம்தான் வேண்டும்.

இரண்டாம் தடவை அப்படித்தான் போனோம். கோல் தண்ணீருக்குள் இறங்குவதும் தெரியாது, ஏறுவதும் தெரியாது. நுனியிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். பாலம் வரும்போது சேட்டா “தல, தல” என்பார். வள்ளத்துக்குள் படுக்காத குறையாகக் குனிந்தால், மூக்குக்கு நேரே பாலத்தின் அடிப்பக்கம், ஈரமும் நத்தையுமாக. நிமிர்ந்தால் ஒரு வீட்டுப் படிக்கட்டில் பாட்டி சட்டி தேய்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய புழக்கடை வழியாகத்தான் நாம் போகிறோம், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சின்னவள் கையைத் தண்ணீரில் விட்டு நக்கிப் பார்த்து, “உப்பு!” என்றாள்.

6. சாப்பாடு

மத்தியானம் ஊருக்குள் இருக்கும் சின்னக் கடையில் ஊண் (சாப்பாடு), ராத்திரி தங்கும் வீட்டில் கப்பையும் (மரவள்ளிக் கிழங்கு) மீன் குழம்பும். கரிமீன் பொள்ளிச்சது (வாழையிலையில் சுற்றிச் சுட்ட மீன்) ஒரே ஒரு தடவை, விலையைக் கேட்டுவிட்டு. மட்டை அரிசிச் (சிவப்புப் புழுங்கல் அரிசி) சோறு பிள்ளைகளுக்கு இறங்காது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், புட்டோ தோசையோ ஆகிவிடும்.

7. பை

ஆளுக்கு ஒரு பை, அவ்வளவுதான். ரப்பர் செருப்பு, தொப்பி, கொசுவர்த்தி, போனைப் போட்டுக் கட்ட ஒரு கனத்த பிளாஸ்டிக் உறை. தீவில் சில்லறை கிடைப்பது கஷ்டம், நூறு ரூபாய் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது சாயங்கால ரயிலைப் பிடித்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குச் செங்கோட்டை பக்கத்துப் பிரானூர் பார்டர் வந்துவிடலாம். புரோட்டாவுக்கும் கோழிக்கும் சாப்பாட்டுக் கவரில் மிச்சம் இருக்கிறதா என்று குண்டறாவில் ரயில் ஏறும்போதே எண்ணிப் பாருங்கள்.