பக்க வடிவமைப்பில் தமிழ் எழுத்துச் சிதைவும் வரி ஒழுங்கும்

பக்க வடிவமைப்பு மென்பொருளில் தமிழ் உரை சிதைந்தால் உடனே எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதே பலரின் வழக்கம். ஆனால் கோளாறு எழுத்துருவில் இருக்கிறதா, குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில்) இருக்கிறதா, எழுத்துகளைக் கோக்கும் முறையில் இருக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

உரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகத் தெரிந்தால், அது பாமினி, டாப், டாம் போன்ற பழைய குறியாக்கங்களில் ஒன்றில் தட்டச்சானது என்று கொள்ளலாம். அதற்குரிய எழுத்துருவை நிறுவினால் படிக்க முடியும் என்றாலும், யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நிலையான தீர்வு. மாற்றும்போது உரையின் இடையே உள்ள ஆங்கிலச் சொற்களைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். இல்லையெனில், பாமினி போன்ற குறியாக்கங்களில் அவையும் தமிழ் எழுத்துகளாக மாறிப் பொருளற்றுப் போகும். வெறும் கட்டங்கள் தெரிந்தால், தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் வடிவங்களே இல்லை என்று பொருள்.

எழுத்துகள் சரியாக இருந்தும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதுதான் அதிகக் குழப்பம் தருவது. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ககரமும் அடுத்து எகரக் குறியுமாகவே சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. அடோபியின் இன்டிசைன் மென்பொருளில் பாராகிராஃப் பேனலின் மெனுவைத் திறந்து, எழுத்துகளைக் கோக்கும் முறையாக அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் கொம்புகள் உரிய இடத்துக்கு வந்துவிடும். இதைப் பத்திப் பாணியிலேயே (பாராகிராஃப் ஸ்டைல்) பதிந்து வைத்தால் ஒவ்வொரு பத்தியிலும் திருத்தத் தேவையில்லை. ஸ்கிரைபஸ் பயன்படுத்துவோர் 1.4 வரிசையை விட்டு 1.5.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாற வேண்டும். பேஜ்மேக்கர் யூனிகோடை அறியாது. அதில் அமைந்த பழைய கோப்புகளை வேறு மென்பொருளுக்குக் கொண்டுவருவதே நல்லது. இவ்வளவுக்குப் பிறகும் ஓரிரு இடங்களில் புள்ளிவட்டம் தெரிந்தால், அங்கே உயிர்க்குறி மெய்க்கு முன்னால் தட்டச்சாகியிருக்கும். அந்தச் சொல்லை அழித்து மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும்.

இவை சரியான பிறகே வரி ஒழுங்கைத் தொட வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், அகலம் குறைந்த பத்தியில் (காலம்) இருபுறமும் சமன்செய்தால் சொற்களுக்கிடையே பெரும் வெள்ளை விழும். அதை மறைக்க எழுத்திடைவெளியைக் கூட்டுவது தவறு. உயிர்க்குறிகள் மெய்யிலிருந்து விலகித் தெரியும். இன்டிசைனில் சொல்லிடைவெளியின் இயல்பான அளவுகளான குறைந்தது 80, விரும்பத்தக்கது 100, அதிகம் 133 சதவீதம் என்பதைச் சிறிது தளர்த்தலாம். அதுவும் போதாதெனில் இடப்புறம் மட்டும் ஒழுங்குபடுத்துவதே கண்ணுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. சொல்லைப் பிரிக்க நேர்ந்தால் அடுத்த வரி ஒற்றெழுத்தில் தொடங்கக் கூடாது: ‘பக்-கம்’ சரி, ‘ப-க்கம்’ பிழை. ஒரே ஒரு வரி மட்டும் அளவுக்கு மீறி விரிந்து நின்றால், அதன் முடிவில் ஷிஃப்டும் என்டரும் சேர்த்து அழுத்திய வரிமுறிவு இருக்கிறதா என்று மறைக்குறிகளைக் காட்டச் செய்து பாருங்கள்.

வரியிடைவெளியைத் தானியங்கி அளவான எழுத்தளவின் 120 சதவீதத்தில் விட்டால், சில எழுத்துருக்களில் ‘கு’, ‘ழு’ போன்றவற்றின் அடிப்பகுதி கீழ்வரியின் புள்ளிகளைத் தொடும். 130 முதல் 140 சதவீதம் வரை வைத்துப் பார்க்கலாம்.

அச்சுக்கு அனுப்பும் முன் பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றும் கோப்பினுள் பொதிந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். எழுத்துகளை வரைவடிவமாக (அவுட்லைன்) மாற்றுவதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய உரையில் தேடவும் முடியாது, பிழை திருத்தவும் முடியாது.