வீட்டு நீச்சல் குளத்துக்கு வேலி: கேட்டில் கோட்டைவிடாதீர்கள்

காம்பவுண்டு சுவரை வேலியாகக் கணக்கில் எடுக்காதீர்கள். அது தெருவில் இருப்பவர்களைத்தான் தடுக்கும். உங்கள் வீட்டுக் குழந்தை குளத்துக்குப் போவது பின்கட்டு வாசல் வழியாக. வேலி நாலு பக்கமும் வேண்டும். வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே வரும் பக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

1. கம்பி

கிரில் பட்டறையில் கொடுக்க வேண்டிய அளவு: உயரம் குறைந்தது 4 அடி, முடிந்தால் 5 அடி. நெடுக்குக் கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் சந்து கூடாது. அடிச்சந்து சிமென்ட் தரையில் 4 அங்குலம், புல், மண் என்றால் 2 அங்குலம். குறுக்குப் பட்டை மேலே ஒன்று, கீழே ஒன்று போதும். இடைவெளி 45 அங்குலமாவது இருக்கட்டும். பூ டிசைன், வளையம் எதுவும் வேண்டாம். மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஏணி. பூந்தொட்டி, மோட்டார், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் வேலியிலிருந்து 3 அடி தள்ளியே இருக்க வேண்டும்.

2. கேட்

வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். கேட் குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, வெளியே திறக்க வேண்டும். தாழ் சரியாக விழாமல் இருந்தாலும், குழந்தை வெளியிலிருந்து தள்ளினால் அது மூடிக்கொள்ளும்.

கொண்டியும் நாதாங்கியும் உதவாது. அவற்றை யாராவது கையால் போட வேண்டும். ஒரு நாள் மறப்பார்கள். தானே மூடி, தானே பூட்டிக்கொள்ளும் ஸ்பிரிங் கீலும் தாழ்ப்பாளும் வேண்டும். இழுவிசையைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள கீலையும், மேலே இழுத்துத் திறக்கும் காந்தத் தாழ்ப்பாளையும் வாங்குங்கள். விலை கூடுதல்தான், மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. கடலோர வீடுகளில் சாதா இரும்பு ஸ்பிரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே 304 அல்ல, 316 ரக எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேளுங்கள்.

தாழ்ப்பாளைத் திறக்கும் பிடி தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் இருக்க வேண்டும். 4 அடி கேட்டில் அதற்கு இடமில்லை. பிடியைக் குளத்துப் பக்கமாக, கேட்டின் மேல்விளிம்புக்கு 3 அங்குலம் கீழே வைத்து, சுற்றி 18 அங்குலத்துக்கு அரை அங்குல ஓட்டைகூட இல்லாமல் தகடு அடிக்க வேண்டியிருக்கும். 5 அடி என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

முதல் மாதம் ஒழுங்காக மூடும் கேட், பிறகு தாழில் விழாமல் நிற்கும். ஸ்பிரிங்கைக் குறை சொல்வார்கள்; பல நேரம் குற்றவாளி தூண். டைல்ஸ் மேல் போல்ட் போட்டு நிறுத்திய தூண் ஆட்டம் காணும், கேட் சில மில்லிமீட்டர் இறங்கும், தாழ் தன் வாயைத் தவறவிடும். தரையை உடைத்து, தூணை ஒன்றரை அடியாவது கான்கிரீட்டில் இறக்குங்கள்.

சோதனை: கேட்டை முழுக்கத் திறந்து கைவிடுங்கள். பிறகு ஒரு அங்குலம் மட்டும் திறந்து கைவிடுங்கள். இரண்டிலும் தானே பூட்ட வேண்டும். இதை மாதம் ஒருமுறை செய்யுங்கள். விசேஷ நாளில் கேட்டுக்குச் செங்கல் முட்டுக் கொடுக்க யாரையும் விடாதீர்கள்.

3. தண்ணீருக்குள்

அடியில் இருக்கும் உறிஞ்சு துளையின் மூடி உடைந்திருந்தால் அன்றைக்குக் குளத்தில் யாரும் இறங்கக்கூடாது. இழுவிசை தலைமுடியையும் உடம்பையும் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2007இல் இதற்கெனச் சட்டமே வந்தது. குளித்து முடித்ததும் பந்து, பொம்மைகளை எடுத்துவிடுங்கள். காற்றடைத்த கைப்பட்டை உயிர்காப்புக் கருவி அல்ல.

குழந்தை நீரில் இருக்கும்போது ஒரு பெரியவருக்கு அது மட்டுமே வேலை, போன் கையில் இல்லாமல். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது.

பின்சேர்க்கை

"எங்கள் வீட்டில் குளம் இல்லை, சம்ப்தான் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி)" என்று எழுதியவர்களுக்கு: லாரித் தண்ணீர் இறக்கும் நேரம்தான் ஆபத்து. மூடியை மூடிப் பூட்டும்வரை ஒருவர் அங்கேயே நிற்கட்டும். தகடு துருப்பிடித்து மெலிந்திருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள். காற்றடைக்கும் குட்டிக் குளத்தை, குளித்ததும் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள்.

குழந்தையைக் காணோம் என்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். தூக்கிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் வாய் வழியாக 5 முறை ஊதி, பிறகு நடுமார்பில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று தொடருங்கள். ஒருவர் இதைச் செய்ய, இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.