வீட்டிலிருந்து கற்கும் நாளில் பாடத்தைப் பிள்ளையின் கையில் கொடுப்பது எப்படி?

2020 ஏப்ரல் 8, புதன்கிழமை. சிங்கப்பூரில் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறிய முதல் நாள். உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, உயர்நிலை இரண்டு மாணவர்கள் 24 பேருக்குத் தமிழ்ப் பாடம் நடத்தினேன். 45 நிமிடமும் நான்தான் பேசினேன். கடைசியில் "புரிந்ததா?" என்று கேட்டேன். மூன்று பேர் "ஓகே டீச்சர்" என்று தட்டினார்கள். மற்ற 21 கட்டங்களும் கறுப்பாகவே இருந்தன. அந்த 45 நிமிடத்தில் ஒரு பிள்ளைகூடத் தமிழில் ஒரு வாக்கியம் பேசவில்லை. மொழிப் பாடத்துக்கு இதைவிடப் பெரிய குறை ஏது?

சர்க்கிட் பிரேக்கர் எனப்பட்ட கொவிட் கால முடக்கம் முடிந்து பள்ளி திறந்தாலும் இந்த வேலை நம்மை விடவில்லை. உயர்நிலைப் பள்ளியிலும் தொடக்கக் கல்லூரியிலும் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு நாள் வீட்டிலிருந்து கற்பது வழக்கமாகிவிட்டது. புதிதாக வந்திருக்கும் தமிழாசிரியர்களுக்கும், இணையத்தில் துணைப்பாடம் எடுப்பவர்களுக்கும் எனக்குக் கைகொடுத்த முறையைச் சொல்கிறேன்.

பாடத்தைத் தயாரிக்கும் முன் வீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் மூன்று கேள்வி கேட்பேன். அந்த நேரத்தில் வீட்டில் இன்னும் எத்தனை பேர் வகுப்பில் இருப்பார்கள்? எங்கே உட்கார்ந்து படிப்பாய்? வீட்டில் தமிழ் பேசுவது யார்? உயர்நிலை மாணவர்கள் எல்லாரிடமும் இப்போது சொந்தக் கற்றல் சாதனம் இருக்கிறது. ஆனால் சொந்த அறை எல்லாருக்கும் கிடையாது. மூவறை வீட்டில் மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும்? என் மாணவி ஒருத்தி வாசலுக்கு வெளியே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டாள். கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதை அன்றோடு விட்டேன். பிள்ளை அங்கே இருக்கிறதா என்று தெரிய, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொல் தட்டச் சொன்னால் போதும்.

நேரலையை 15 நிமிடத்தோடு நிறுத்துங்கள். இன்று என்ன செய்யப்போகிறோம், முடிந்தபின் கையில் என்ன இருக்க வேண்டும், ஒரு மாதிரி, அவ்வளவுதான். விளக்கம் நீளமாக இருந்தால் பதிவு செய்து, கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான எஸ்எல்எஸ்-இல் போட்டுவிடுங்கள். வேண்டியவர்கள் இரண்டு தடவை கேட்கட்டும். மிச்ச நேரம் பிள்ளையுடையது.

அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும். இலக்கு எல்லாருக்கும் ஒன்று. அதற்குப் போகும் வழியைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். 'ஒரு கருத்தைச் சொல்லி, அதற்கு இரண்டு காரணம் தருவது' என்பது இலக்கு என்று வைத்துக்கொள்வோம். குரலில் பதிவு செய்யலாம், தாளில் எழுதிப் படம் பிடிக்கலாம், தட்டச்சு செய்யலாம். இந்த மூன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒருமுறை ஏழு வழி கொடுத்தேன். பாதிப் பேர் தேர்ந்தெடுப்பதிலேயே நேரத்தைப் போக்கினார்கள். தட்டச்சை மட்டும் கட்டாயமாக்கவே கூடாது. தமிழ் விசைப்பலகையில் 'ழ' எங்கே என்று தேடும் பிள்ளைக்கு, சொல்ல வந்தது பாதி வழியில் மறந்துபோகும். அதைப் பார்த்து, தமிழே வரவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுவோம்.

ஒரு பதிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன். வீட்டில் ஆங்கிலம், பாட்டி மட்டும் தமிழ். வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சியாக, பெரியவர் ஒருவரிடம் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையைப் பற்றிப் பேசிப் பதிவு செய்யச் சொன்னேன். அவன் அனுப்பியது 2 நிமிடம் 40 விநாடி. பின்னால் மின்விசிறிச் சத்தம், நடுவில் குக்கர் விசில். முதல் 50 விநாடி எழுதி வைத்த கேள்விகளை ஒப்பித்தான். "பாட்டி, நீங்கள் எப்படி விலை குறைத்தீர்கள்?" என்றதும் பாட்டி இடைமறித்தார். "விலை குறைக்கறது என்னடா, பேரம் பேசுனோம்னு சொல்லு." அவன், "பேரம்னா என்ன பாட்டி?" என்றான். அங்கிருந்து தாள் இல்லை. பாட்டி பழைய சந்தையில் மீன் வாங்கிய கதையைச் சொல்ல, இவன் "அப்புறம்?", "அவர் கோபப்படலையா?" என்று தானாகக் கேட்டுக்கொண்டே போனான்.

மதிப்பெண் போடாமல் குரலிலேயே பதில் அனுப்பினேன். "50 விநாடிக்கு அப்புறம் நீ கேட்டதெல்லாம் உன் சொந்தக் கேள்வி. எனக்கு அதுதான் வேண்டும். பேரம் என்ற சொல்லை வேறு எங்கே பயன்படுத்தலாம்?" மறுநாள் கேட்காமலே இன்னொரு பதிவு வந்தது. கைத்தொலைபேசிக் கடையில் தன் அப்பா பேரம் பேசியதை அதில் அவன் சொல்லியிருந்தான்.

பின்னூட்டம் என்றால் எனக்கு இதுதான். நன்றாக வந்த ஓர் இடத்தைக் குறிப்பாகச் சுட்டிக்காட்டி, அடுத்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிழைகள் பத்து இருந்தாலும் ஒன்றை மட்டும் திருத்துங்கள். 24 பேருக்கும் ஒரே இரவில் செய்ய முடியாது. நாளுக்கு எட்டுப் பேர், மூன்று நாளில் முடிந்துவிடும். பிள்ளைகளிடம் அந்த முறையை முன்பே சொல்லிவிட்டால் காத்திருப்பார்கள்.

குழு வேலைக்கு மூன்று பேர் போதும், தவணை முழுவதும் அதே மூவர். ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் கூச்சம் தெளியாது.

காலையில் ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுத வேண்டும்: இன்று எதை எப்போது செய்வேன், எதில் மாட்டிக்கொள்வேன். மாலையில் அதன் கீழே, நடந்தது என்ன என்று ஒரு வரி. "11 மணிக்குப் பதிவு என்றேன், தம்பி அழுதான், 3 மணிக்குச் செய்தேன்" என்று ஒருத்தி எழுதினாள். அதைத் திருத்தவோ கண்டிக்கவோ வேண்டாம். அடுத்த முறை அவளே 3 மணி என்று திட்டம் போட்டாள்.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வேன்: பதிலைச் சொல்லிக்கொடுக்காதீர்கள், கேள்வி கேட்டால் தமிழில் பேசுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு பிள்ளையிடமிருந்து எதுவும் வரவில்லை என்றால், நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பாமல் தொலைபேசியில் கூப்பிடுங்கள். "சாப்பிட்டியா?" என்று தொடங்குங்கள். வேலையைப் பற்றிக் கேட்கும் முன் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பிறகு, இருப்பதிலேயே சின்ன வேலை ஒன்றை இருவருமாகத் தேர்ந்தெடுங்கள். "30 விநாடிப் பதிவு போதுமா டீச்சர்?" என்று கேட்டால் போதும் என்று சொல்லுங்கள். வந்தவுடன், அன்றைய எட்டுப் பேரின் பதிவுகளைத் தொடும் முன்பே அதைக் கேட்டுவிட்டுப் பதில் அனுப்புங்கள்.