‘ஸ்டாப்’ எங்கே நிற்கும்? நில், நிறுத்து, விடு, தடு: பிரித்துப் பழகும் முறை

தஞ்சாவூர்–கும்பகோணம் பஸ்ஸில் ஏறி, “அண்ணே, அடுத்த ஸ்டாப்பிங்ல இறங்கிக்கிறேன்” என்றால் கண்டக்டருக்கு எந்தக் குழப்பமும் வராது. ‘ஸ்டாப்பிங்’ இப்போது தமிழ்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது. ஆனால் இங்கிலீஷில் பஸ் நிற்கும் இடம் வெறும் ‘ஸ்டாப்’தான். ‘ஐ வில் கெட் ஆஃப் அட் தி நெக்ஸ்ட் ஸ்டாப்.’ ‘ஸ்டாப்பிங்’ என்று சொன்னால் அது நிற்கிற செயல், இடம் அல்ல.

இந்தச் சின்னச் சொல்லில் இத்தனை பேர் தடுக்கி விழக் காரணம் உண்டு. நில், நிறுத்து, விடு, தடு என்று தமிழில் நாலு வினை செய்கிற வேலையை இங்கிலீஷில் ‘ஸ்டாப்’ ஒன்றே செய்கிறது. அதே நேரம் ‘நில்’ போகிற எல்லா இடத்துக்கும் ‘ஸ்டாப்’ போகாது.

இறந்தகாலம், நிகழ்காலம் வரை தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளை வாய்விட்டுப் படியுங்கள், பிறகு நோட்டில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். செயலியில் தட்டுவதைவிடக் கோடு போட்ட 40 பக்க நோட்டு இதற்கு மேல். அடித்துத் திருத்திய இடம் கண்ணில் நிற்கும்.

படி 1: நிற்கிறதா, நின்றதா?

பஸ் ஸ்டாண்டில் வண்டி அரை மணி நேரமாக நிற்கிறது. இதை ‘தி பஸ் இஸ் ஸ்டாப்பிங்’ என்று எழுதினால், ஓடி வந்த பஸ் வேகம் குறைந்து நிற்கப் போகிறது என்று பொருள். அங்கே வேண்டியது ‘தி பஸ் இஸ் ஸ்டாண்டிங் அட் தி பஸ் ஸ்டாண்ட்’. இன்னும் எளிதாக, ‘தி பஸ் இஸ் அட் தி பஸ் ஸ்டாண்ட்.’

சோதனை இதுதான்: அதற்கு முன்னால் ஏதாவது ஓடிக்கொண்டோ நடந்துகொண்டோ இருந்து ஓய்ந்ததா? ஓய்ந்தது என்றால் ‘ஸ்டாப்’. சும்மா நின்றுகொண்டிருக்கிறது என்றால் ‘ஸ்டாண்ட்’. ரேஷன் கடை வரிசையில் நிற்பதும் தேர்தலில் நிற்பதும் ‘ஸ்டாண்ட்’ பக்கம். மழை, கடிகாரம், ரத்தம், இருமல் எல்லாம் நின்றால் ‘ஸ்டாப்’ பக்கம்.

படி 2: தானாக நின்றதா, யாராவது நிறுத்தினார்களா?

தமிழில் ‘நின்றது’ வேறு, ‘நிறுத்தினார்’ வேறு. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே உருவம்: ‘தி பஸ் ஸ்டாப்ட்.’ ‘தி டிரைவர் ஸ்டாப்ட் தி பஸ்.’ இதை நம்பாமல் ‘மேட் தி பஸ் டு ஸ்டாப்’ என்று இழுக்க வேண்டாம். அந்த ‘டு’ இலக்கணப்படியும் தப்பு.

‘மழை நின்னுடுச்சு’ என்பதை ‘ரெயின் இஸ் ஸ்டாப்ட்’ என்று எழுதுவது டெல்டா முழுக்கக் கேட்கிற பிழை. சரியானது ‘தி ரெயின் ஹேஸ் ஸ்டாப்ட்’, அல்லது ‘இட் ஹேஸ் ஸ்டாப்ட் ரெயினிங்’.

யாரோ நிறுத்தியது, யார் என்று சொல்லவில்லை என்றால் நடுவில் ‘பீன்’ வரும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். மூடிய பிறகு எழுத வேண்டியது ‘தி வாட்டர் ரிலீஸ் ஹேஸ் பீன் ஸ்டாப்ட்.’ மழை தானாக நின்றது, அதனால் ‘ஹேஸ் ஸ்டாப்ட்’. அணைத் தண்ணீரை நிறுத்த ஆள் இருக்கிறார், அதனால் ‘ஹேஸ் பீன் ஸ்டாப்ட்’. தமிழில் ‘நின்றது’, ‘நிறுத்தப்பட்டது’ என்று சொல்லிப் பார்த்தாலே பிரிந்துவிடும்.

படி 3: ‘இங்’கா, ‘டு’வா?

பாதிப் பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. நிதானமாகப் பாருங்கள்.

‘ஹி ஸ்டாப்ட் டிரிங்கிங் காபி.’ காபி குடிக்கிறதை விட்டுவிட்டார்.

‘ஹி ஸ்டாப்ட் டு டிரிங்க் காபி.’ காபி குடிக்க நின்றார். பித்தளை டபரா படம் போட்ட ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டியவர் இவர். (கும்பகோணத்துக்கு வெகு தூரத்திலும் அந்த போர்டு தொங்கும், அது வேறு கதை.)

முதல் ஆள் இனிக் காபி தொடமாட்டார், இரண்டாம் ஆள் குடித்துக்கொண்டிருக்கிறார். சொற்கள் ஏறக்குறைய ஒன்றே, பொருள் நேர் எதிர். டாக்டரிடம் போய் ‘ஐ ஸ்டாப்ட் டு ஸ்மோக்’ என்றால், சிகரெட் பிடிக்கத்தான் வழியில் நின்றேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

இதைப் பிரிக்கத் தமிழ் வேற்றுமை உருபே போதும். சொல்ல வந்ததை முதலில் பேச்சுத் தமிழில் எழுதுங்கள். ‘நிறுத்து’, ‘நில்’, ‘விடு’ என்பதற்கு முன்னால் உள்ள சொல்லின் வாலை அடிக்கோடிடுங்கள்.

வால் ‘-றதை’ என்றிருந்தால் ‘இங்’. பேசறதை, நடறதை, குடிக்கிறதை.

வால் ‘-றதுக்கு’ என்றிருந்தால், அல்லது ‘குடிக்க’, ‘பேச’ என்று நின்றால், ‘டு’.

நடவு வயலில் வைத்துப் பார்க்கலாம். பதினொரு மணிக்கு நடவாட்கள் கரையேறுகிறார்கள். நாற்று நடறதை நிறுத்தினாங்க: ‘தே ஸ்டாப்ட் பிளான்டிங்.’ எதுக்கு? டீ குடிக்க: ‘டு டிரிங்க் டீ.’ இரண்டையும் சேர்த்தால் ‘அட் லெவன், தே ஸ்டாப்ட் பிளான்டிங் டு டிரிங்க் டீ.’ ஒரே வாக்கியத்தில் ‘ஐ’ உருபும் ‘க்கு’ உருபும் தத்தம் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. ‘தே ஸ்டாப்ட் டு பிளான்ட்’ என்று எழுதினால், எங்கேயோ போய்க்கொண்டிருந்தவர்கள் வழியில் நின்று நட்டுவிட்டுப் போனார்கள் என்றாகும்.

இந்தப் பிழை ஏன் விடாமல் ஒட்டிக்கொள்கிறது? ‘ஸ்டார்ட்’தான் காரணம். ‘இட் ஸ்டார்ட்டட் ரெயினிங்’, ‘இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்’ இரண்டும் சரி, பொருளும் ஒன்று. ‘பிகின்’, ‘கன்டின்யூ’வும் அப்படியே. அந்தப் பழக்கத்தில் ‘ஸ்டாப்’பையும் அதே தட்டில் வைத்துவிடுகிறோம். ‘ஸ்டாப்’பை ‘ஃபினிஷ்’ பக்கத்தில் வையுங்கள். செய்த வேலை முடிந்தது, ஓய்ந்தது என்றால் இரண்டுக்கும் ‘இங்’ மட்டும்தான்.

தமிழில் நாம் வினையையே விழுங்கிவிடுவதும் உண்டு. ‘பேப்பரை நிறுத்திட்டோம்.’ ‘காபியை நிறுத்திட்டேன்.’ இங்கிலீஷில் விழுங்கிய வினையை வெளியே எடுத்து வைக்க வேண்டும்: ‘வீ ஸ்டாப்ட் பையிங் தி பேப்பர்’, ‘ஐ ஸ்டாப்ட் டிரிங்கிங் காபி’. மருந்துக்கு மட்டும் சலுகை உண்டு. டாக்டர்களே ‘ஸ்டாப் தி டேப்லெட்ஸ்’ என்று சொல்வார்கள். ‘ஸ்டாப் டேக்கிங்’ என்றாலும் குற்றமில்லை.

படி 4: தடுப்பது

வரப்பு தண்ணீரை வெளியே போகாமல் தடுக்கிறது. ‘தி பண்ட் ஸ்டாப்ஸ் தி வாட்டர் ஃப்ரம் ஃப்ளோயிங் அவுட்.’ அச்சு இதுதான்: ஸ்டாப், யாரை அல்லது எதை, ‘ஃப்ரம்’, பிறகு ‘இங்’. ‘ஸ்டாப்ஸ் தி வாட்டர் டு கோ அவுட்’ தப்பு.

சிலர் ‘ஃப்ரம்’ இல்லாமலே எழுதுவார்கள், பிரிட்டிஷ் வழக்கில் அது செல்லும். ஆனால் ‘தடுக்கப்பட்டோம்’ என்று வரும்போது விடக் கூடாது: ‘வீ வேர் ஸ்டாப்ட் ஃப்ரம் கிராசிங் தி பிரிட்ஜ்.’ ஆரம்பத்தில் எல்லா இடத்திலும் ‘ஃப்ரம்’ போட்டுவிடுங்கள், எங்கேயும் மாட்டமாட்டீர்கள்.

படி 5: ‘நிறுத்து’ என்று வந்தும் ‘ஸ்டாப்’ வராத இடங்கள்

வேலையை விட்டு நின்றுவிட்டேன்: ‘ஐ லெஃப்ட் மை ஜாப்.’ ‘ஸ்டாப்ட் ஃப்ரம் தி ஜாப்’ என்று ஒரு வழக்கே இல்லை.

பையனைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திட்டாங்க: ‘தே டுக் ஹிம் அவுட் ஆஃப் ஸ்கூல்.’ ‘தே ஸ்டாப்ட் ஹிம்’ என்றால் வாசலில் கையைக் காட்டி மறித்தார்கள் என்று படும்.

வண்டியை மர நிழலில் நிறுத்திவிட்டு உள்ளே போனால் ‘பார்க்ட்’. சிக்னலில் நிறுத்தினால் ‘ஸ்டாப்ட்’.

ஃபேனை நிறுத்து: ‘டர்ன் ஆஃப் தி ஃபேன்’ அல்லது ‘சுவிட்ச் ஆஃப்’. பம்புசெட்டில் கொஞ்சம் கவனம். நீங்கள் போய் சுவிட்சைத் தட்டினால் ‘ஐ டர்ன்டு ஆஃப் தி மோட்டார்’. கரண்ட் போய் அதுவாக நின்றால் ‘தி மோட்டார் ஸ்டாப்ட்’. கரண்டுக்கே ‘ஸ்டாப்’ வேண்டாம்: ‘தி பவர் வென்ட் ஆஃப்.’

கல்யாணம் நின்றுபோனது ‘தி வெட்டிங் வாஸ் கால்ட் ஆஃப்’. ‘தி வெட்டிங் வாஸ் ஸ்டாப்ட்’ என்றும் வாக்கியம் உண்டு, ஆனால் அது வேறு சங்கதி. சின்னப் பெண்ணுக்குத் தாலி கட்டப் போகும்போது அதிகாரிகள் மண்டபத்துக்கு வந்து நிறுத்தினார்களே, அதற்கு அது பொருந்தும். ஜாதகம் சரியில்லை என்று இரண்டு வீடும் பேசிக் கைவிட்டதற்கு ‘கால்ட் ஆஃப்’தான்.

படி 6: எழுத்தும் ஒலியும்

‘எட்’, ‘இங்’ சேரும்போது ‘பி’ இரட்டிக்கும். எஸ், டி, ஓ, பி, பி, இ, டி. ஓரசைச் சொல், கடைசியில் ஒற்றை உயிரும் ஒற்றை மெய்யும் இருந்தால் மெய் இரட்டும்: பிளான், டிராப் எல்லாம் இதே கூட்டம். ஒற்றை ‘பி’யோடு எழுதினால் ‘ஹோப்’பிலிருந்து வந்த ‘ஹோப்ட்’ மாதிரி, ‘ஸ்டோப்ட்’ என்று படிக்க வேண்டியதாகிவிடும்.

சொல்லும்போது கடைசி ஒலி ‘ட்’. ‘ஸ்டாப்பெட்’டும் இல்லை, ‘ஸ்டாப்புடு’வும் இல்லை. முன்னால் ‘இ’ ஒட்டி ‘இஸ்டாப்’ ஆக்கவும் வேண்டாம். நாக்கு ‘ஸ்’ஸில் தொடங்கட்டும்.

அகராதி வாங்குவதாக இருந்தால் கையடக்க ஆங்கிலம்–தமிழ் அகராதியை விடுங்கள். அதில் ‘நிறுத்து, நில், தடு’ என்று மூன்று சொல் இருக்கும், எதற்குப் பின்னால் ‘இங்’, எதற்கு ‘டு’ என்று இருக்காது. கற்பவர்களுக்கென்று போட்ட ஆங்கிலம்–ஆங்கில அகராதியில் அந்த அச்சுகள் தடித்த எழுத்தில் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும்.

பிற்சேர்க்கை: பேப்பர் தலைப்பைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு

இங்கிலீஷ் பேப்பர் படித்துப் பழகுவது நல்லதுதான், தலைப்பை மட்டும் காப்பி அடிக்காதீர்கள். ‘வாட்டர் ரிலீஸ் ஃப்ரம் மேட்டூர் ஸ்டாப்ட்’ என்று தலைப்பில் இருக்கும். இடம் மிச்சம் பிடிக்க ‘ஹேஸ் பீன்’ஐ வெட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பத்திலோ தேர்வுத்தாளிலோ ‘வாட்டர் ஸ்டாப்ட்’ என்று எழுதினால், தண்ணீர் தானாகவே ஓடி ஓய்ந்துவிட்டது என்றாகும். கடைமடை விவசாயி மனு எழுதும்போது யாரோ நிறுத்தினார்கள் என்பதுதானே விஷயமே. தலைப்பை விட்டுவிட்டு அதற்குக் கீழே உள்ள முதல் வரியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், வெட்டிய சொற்கள் அங்கே முழுசாக இருக்கும்.