ராட்சத எறும்பு டைட்டனோமிர்மா: எங்கே தவறிவிடுகிறோம்?

கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் எறும்பு என்றதும், அப்படிப்பட்ட எறும்புகள் சாரைசாரையாக ஊர்ந்து வருவதாக நாம் கற்பனை செய்துவிடுகிறோம். அற்றுப்போன ராட்சத எறும்பான டைட்டனோமிர்மாவைப் பற்றிய முதல் தவறு இதுதான். 5 செ.மீ. என்பது ராணியின் அளவு. ஜெர்மனியின் மெசல் என்ற பழைய சுரங்கக் குழியிலும் அமெரிக்காவின் வயோமிங்கிலும் கிடைத்த புதைபடிவங்கள் இறக்கை முளைத்தவை. பறக்கும்போது ஏரியில் விழுந்து, அடிச்சேற்றில் புதைந்து, கல்லில் பதிந்தவை. தரையில் ஊர்ந்த வேலைக்கார எறும்புகளுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. ராணியை வைத்து அவற்றின் அளவைச் சொல்லவும் முடியாது. இன்றைய ஆப்பிரிக்க டோரிலஸ் எறும்பில் ராணி 5 செ.மீ. வரை பருக்கும், வேலைக்கார எறும்பு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது.

இறக்கையைப் பார்த்து ஈசல் என்று சொல்லிவிடாதீர்கள். ஈசல் கறையானின் இனம். அதற்கு எறும்பைப் போல ஒடுங்கிய இடுப்பு கிடையாது.

டைனோசர் காலத்து எறும்பு என்பதும் பிழை. டைனோசர்கள் அழிந்து கோடி ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, அதாவது இன்றைக்கு ஏறத்தாழ 4.7 முதல் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இயோசீன் காலத்தில் வாழ்ந்தது இது. இன்றைய எறும்புகளுக்கு முன்னோரும் அல்ல. இது சேர்ந்த துணைக்குடும்பமே அற்றுப்போய்விட்டது.

கல்லில் அளந்த நீளத்தை அப்படியே நம்புவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் தவறு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிடைத்த ஒரு ராணியைப் பற்றி 2023இல் ஆய்வு வெளியானது. பூமியின் அழுத்தத்தில் பாறை உருக்குலைந்ததால் எறும்பின் உருவமும் கோணிப்போயிருந்தது. பாறை அதை இழுத்து நீட்டியது என்று கணக்கிட்டால் உண்மை நீளம் சுமார் 3 செ.மீ.; நெருக்கிக் குறுக்கியது என்று கொண்டால் 5 செ.மீ. அளவு. எது சரி என்று அந்த ஒரு கல்லை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை. எந்தச் சிற்றினம் என்றும் ஆய்வாளர்கள் பெயர் சூட்டவில்லை. அந்த நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கல்தானே, காய்ந்தால் என்ன என்று நினைப்பதும் ஆபத்து. மெசலின் எண்ணெய்க் களிக்கல்லில் நீர் நிறைய உண்டு. வெளியே எடுத்து உலரவிட்டால் ஏடு ஏடாகப் பிளந்து உதிரும். கூடவே எறும்பும் போய்விடும். அதனால்தான் அங்கு கிடைக்கும் பூச்சிகளைக் கிளிசரினில் ஊறப்போட்டே வைத்திருக்கிறார்கள்.