சிறுமிகளுக்கு வரும் பிறப்புறுப்பு அழற்சி: வீட்டில் செய்ய வேண்டியவை, மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

மூன்று வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பெண் குழந்தை அடிக்கடி பாவாடைக்குள் கைவைத்துச் சொறிகிறாள், சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று அழுகிறாள், காலைச் சற்று அகட்டி நடக்கிறாள், ஜட்டியில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ கறை படிந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் அது பிறப்புறுப்பின் வெளித்தோலிலும் யோனியிலும் ஏற்படும் அழற்சியாகவே இருக்கும். பூப்பெய்தாத சிறுமிகளுக்கு இந்தப் பகுதியில் வரும் தொல்லைகளில் மிகப் பொதுவானது இதுதான். ஆனாலும் பல வீடுகளில் இது வெளியில் சொல்லக் கூடாத விஷயமாகிவிடுகிறது. "அங்கே கை வைக்காதே" என்று குழந்தையை அதட்டுவதோடு கவனிப்பு முடிந்துவிடுகிறது. அதட்டு வாங்கிய குழந்தை அடுத்த முறை எரிச்சலை மறைக்கப் பார்ப்பாள் என்பதால், முதலில் நிறுத்த வேண்டியது அந்த அதட்டலைத்தான்.

இது குழந்தை அசுத்தமாக இருப்பதால் வரும் நோய் அன்று. பருவமடைந்த பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் யோனியின் உட்தோலைத் தடிப்பாக வைத்திருக்கிறது. அங்கு வாழும் நன்மை தரும் பாக்டீரியாக்கள் அமிலத்தை உண்டாக்கிக் கிருமிகள் பெருகாமல் தடுக்கின்றன. சிறுமிக்கு அந்த ஹார்மோன் இன்னும் சுரக்கத் தொடங்கவில்லை. தோல் மிக மெல்லியதாக இருக்கிறது, அமிலப் பாதுகாப்பு இல்லை, மறைத்து நிற்கும் ரோமமும் கொழுப்புத் திசுவும் இல்லை, மலத்துவாரமோ மிக அருகில் இருக்கிறது. இத்தனை மெல்லிய தோலில் சோப்பு, ஈரம், உராய்வு, மலத்தின் துளி ஆகிய எது பட்டாலும் சிவந்து எரியும். இதைப் புரிந்துகொள்ளாமல், சுத்தம் போதவில்லை என்று எண்ணி, டெட்டால் கலந்த நீரில் கழுவுவதும் இன்னும் அழுத்தி சோப்பு தேய்ப்பதும்தான் இரண்டு நாளில் தணிந்திருக்க வேண்டிய எரிச்சலை வாரக்கணக்கில் இழுக்கின்றன.

வீட்டில் முதலில் செய்ய வேண்டியது

அந்தப் பகுதிக்கு வெறும் தண்ணீர் போதும். சோப்பு, ஷாம்பு நுரை, கிருமிநாசினி, மஞ்சள் பூச்சு, வேப்பிலை அரைப்பு, டால்கம் பவுடர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். தலைக்குக் குளிப்பாட்டும் நாளில் ஷாம்பு நுரை வழிந்து இடுப்புக்குக் கீழே தேங்காதபடி, குழந்தையை நிற்க வைத்துக் கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றுவது நல்லது. பாட்டிமார் ஆசையாக அரைத்துத் தரும் நலங்குமாவும் பயத்தமாவும் கைகால்களுக்குத் தோதானவையாக இருக்கலாம். ஆனால் அவற்றின் துகள்கள் அங்குள்ள மடிப்புகளில் தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். யோனிக்குள் எதையும் செலுத்திக் கழுவவே கூடாது.

எரிச்சல் இருக்கும் நாள்களில், அகலமான பேசினில் உட்கார்ந்தால் இடுப்பின் கீழ்ப்பகுதி நனையும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, குழந்தையைப் பத்து முதல் பதினைந்து நிமிடம் காலை விரித்து உட்கார வையுங்கள். காலை, மாலை இரு வேளையும் செய்யலாம். உப்போ மருந்தோ சேர்க்க வேண்டாம். தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையால் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தையைத் தனியே விட்டுப் போகாதீர்கள். எழுந்ததும் துவட்டித் தேய்க்காமல், மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுச் சில நிமிடம் காற்றாட விட வேண்டும். பிறகு வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியை வெளித்தோலில் மட்டும் மெல்லியதாகத் தடவினால், அடுத்து வரும் சிறுநீர் நேராகப் புண்ணில் படாது. எரிச்சலுக்குப் பயந்து சிறுநீரை அடக்கும் குழந்தைக்கு இது பெரிய ஆறுதல்.

உடை விஷயத்திலும் காற்றோட்டமே முக்கியம். பருத்தி ஜட்டி, தளர்ந்த பாவாடை அல்லது கவுன் போதும். இறுகிய லெக்கிங்ஸையும் நைலான் உடைகளையும் சில வாரங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். இரவில் ஜட்டி இல்லாமல் தூங்க விடலாம். நீச்சல் வகுப்பு முடிந்ததும் ஈர உடையிலேயே வீடு திரும்ப விடாதீர்கள். நம் வீடுகளில் பெண் பிள்ளைகளின் உள்ளாடையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று துண்டுக்கு அடியிலோ குளியலறைக் கம்பியிலோ உலர்த்தும் வழக்கம் இருக்கிறது. அது முழுதாகக் காய்வதே இல்லை. நன்றாக அலசி, சோப்புத்தூள் மிச்சமில்லாமல் பிழிந்து, வெயிலில் காயப் போடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கழிப்பறையில் கவனிக்க வேண்டியது

பெரும்பாலான பெற்றோர் கவனிக்காத இடம் இதுதான் என்பது என் எண்ணம். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருப்போம். ஆனால் ஐந்து வயதுக் குழந்தையின் கை நீளம் அதற்குப் போதாது. அவள் கையை முன்பக்கமாகவே உள்ளே விட்டு, பின்னாலிருந்து முன்னால் இழுத்துக் கழுவுகிறாள். சொல்லிக் கொடுத்ததோடு விடாமல் ஒருமுறை உடன் நின்று பாருங்கள். கை எட்டாத வயதுவரை நீங்களே கழுவி விடுங்கள். குழாய்த் தெளிப்பான் பயன்படுத்தும் வீடுகளில், தண்ணீரை மெதுவாக வைத்து, முன்னிருந்து பின்னோக்கிப் படும்படி பிடிக்கப் பழக்க வேண்டும்.

சிறுநீர் கழிக்கும் முறையும் முக்கியம். தரையில் குத்தவைத்து உட்காரும் கழிப்பறையில் தொடைகள் தாமாகவே விலகிக்கொள்ளும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் சிறு குழந்தை கால் தரையில் எட்டாமல், விழுந்துவிடாமல் இருக்கத் தொடைகளை ஒட்டியபடி உட்காருவாள். அப்போது சிறுநீரில் ஒரு பங்கு யோனிக்குள் திரும்பிப் போய்த் தங்கி, எழுந்து நடந்த சில நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக ஜட்டியை நனைக்கும். காலுக்கு ஒரு முக்காலி வைத்து, ஜட்டியைக் கணுக்கால்வரை இறக்கி, காலை அகட்டிச் சற்று முன்னால் குனிந்து உட்காரச் சொல்லுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பல குழந்தைகளின் ஈரமும் எரிச்சலும் குறையும். பள்ளிக் கழிப்பறையின் நிலையால் சாயங்காலம்வரை அடக்கிக்கொண்டிருக்கும் குழந்தைகளும் உண்டு. கடைசி நிமிடத்தில் ஓடும் குழந்தையின் ஜட்டி நனைவதும் மலச்சிக்கலும் இந்தத் தொல்லையை வளர்க்கும் என்பதால், வகுப்பாசிரியையிடம் இதைப் பேசத் தயங்க வேண்டாம்.

இரவில் அரிப்பு என்றால்

பகலில் சும்மா இருந்துவிட்டு, தூங்கிய பிறகு புரண்டு புரண்டு சொறியும் குழந்தைக்குக் கீரிப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெண் புழு இரவில் மலத்துவாரத்துக்கு வெளியே வந்து முட்டையிடும். சில வேளை முன்பக்கமும் ஊர்ந்து வந்து அங்கேயும் அரிப்பை உண்டாக்கும். குழந்தை தூங்கி இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், மலத்துவாரத்தைச் சுற்றி வெள்ளை நூல் துண்டு போல, சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், நெளிவது தெரியலாம். தெரியாவிட்டால், காலையில் எழுந்ததும் கழுவும் முன், ஒளி ஊடுருவும் செல்லோடேப்பின் பசைப்பக்கத்தை மலத்துவாரத்தைச் சுற்றி ஒற்றி எடுத்து, ஆய்வகத்தில் தரும் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுக்கலாம். மூன்று நாள் காலை தொடர்ந்து எடுத்தால் முட்டை அகப்படும் வாய்ப்பு அதிகம்.

இதற்கு மருத்துவர் ஆல்பெண்டசோல் போன்ற மருந்தை வயதுக்கேற்பத் தருவார். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையை முழுதாக அழிக்காது. ஆகவே இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை தர வேண்டும், வீட்டில் உள்ளவர்களும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டித் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் ஒற்றை மாத்திரையோடு கீரிப்பூச்சி தீர்ந்துவிட்டது என்று இருந்துவிட முடியாமல் போவது இதனால்தான். நகத்தை ஒட்ட வெட்டுவதும், போர்வை, தலையணை உறைகளைச் சூடான நீரில் துவைப்பதும் சேர்ந்தால்தான் மருந்து பலிக்கும்.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்

மேலே சொன்னவற்றை ஒழுங்காகச் செய்தால் சில நாளிலேயே எரிச்சல் தணிந்து, இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படிக் குறையாவிட்டாலும், குறைந்து மீண்டும் மீண்டும் வந்தாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இரத்தம் கலந்த கசிவு, காய்ச்சல், அடிவயிற்று வலி, சிறுநீர் போகாமல் நிற்பது, கொப்புளம் அல்லது புண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். தொண்டைவலி வந்த சில நாளில் அந்தப் பகுதி பளிச்சென்று செக்கச் சிவந்து வலித்தால், தொண்டையில் வரும் அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவை. துர்நாற்றத்தோடு பழுப்பாகவோ இரத்தம் கலந்தோ கசிந்தால், விளையாட்டாக ஏதாவது மணியோ விதையோ பஞ்சோ உள்ளே போய்விட்டதா என்று மருத்துவர் பார்ப்பார். பொம்மையில் இருக்கும் பட்டன் பேட்டரி உள்ளே போயிருக்கக்கூடும் என்ற சந்தேகம் வந்தால் அது அவசரம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்; சில மணி நேரத்திலேயே அது திசுவை அரித்துவிடும்.

மெடிக்கலில் கேட்டவுடன் எடுத்துத் தரும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்புகளைத் தடவாதீர்கள். டயப்பரை விட்டுவிட்ட சிறுமிக்குப் பூஞ்சைத் தொற்று அரிதாகவே வரும். அந்த ஸ்டீராய்டு மெல்லிய தோலை மேலும் மெலிதாக்கும்.

பரிசோதனை குறித்து அம்மாக்களுக்குள் இருக்கும் பயம் எனக்குத் தெரியும். பூப்பெய்தாத சிறுமிக்குப் பெரியவர்களுக்குச் செய்வது போன்ற உள்பரிசோதனை செய்வதில்லை. அம்மாவின் மடியிலேயே காலை விரித்துப் படுக்க வைத்து, வெளியிலிருந்து பார்ப்பார்கள். மாதிரி வேண்டுமென்றால் மிக மெல்லிய குச்சியால் எடுப்பார்கள். கன்னித்திரைக்குக் கேடு வராது. உள்ளே பார்த்தே ஆக வேண்டிய நிலை வந்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். பரிசோதனைக்கு முன் குழந்தையிடம், "அம்மா கூடவே இருக்கும்போது, நீ சரி என்று சொன்ன பிறகுதான் டாக்டர் பார்ப்பாங்க" என்று சொல்லி வையுங்கள்.

இந்த அழற்சி இருப்பதாலேயே குழந்தைக்கு யாரோ தீங்கு செய்துவிட்டார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. ஆயினும் யாரைப் பற்றியாவது குழந்தை எதையாவது சொன்னால், குறுக்குக் கேள்வி கேட்காமல் நம்பிக் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

மருத்துவரிடம் போகும் நாளில் களிம்பு எதுவும் தடவாமல் கூட்டிச் செல்லுங்கள், கறை படிந்த ஜட்டியை ஒரு காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், இதுவரை தடவிய மருந்துகளின் குழாய்களையும் அட்டைகளையும் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.