உண்ணுதல் கோளாறு: தட்டைப் பார்க்கும் முன் பேச்சைக் கவனியுங்கள்

அனோரெக்சியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவைக் கடுமையாகக் குறைப்பது), புலிமியா (அளவின்றி உண்டுவிட்டு, வாந்தி எடுப்பது போன்ற வழிகளில் அதை ஈடுகட்ட முயல்வது) போன்ற உண்ணுதல் கோளாறுகள் சாப்பாட்டில்தான் கண்ணுக்குத் தெரிகின்றன என்றாலும், பெரும்பாலும் அதற்கு வெகுநாள் முன்பே, பிள்ளை தன்னைப் பற்றிப் பேசும் விதத்தில் அவற்றின் சாயல் இருக்கும். எனவே முதலில் அந்தப் பேச்சைக் கேளுங்கள்.

தேர்வில் 96 மதிப்பெண் வாங்கிய பெண், கைவிட்டுப்போன நான்கை நினைத்து இரவெல்லாம் அழுகிறாள் என்றால், அதே கண்டிப்பை நாளை அவள் தன் உடலின் மீதும் திருப்பக்கூடும். எதிலும் குறையே கூடாது என்ற பிடிவாதம், தாழ்வு மனப்பான்மை, கோபத்தையும் துக்கத்தையும் வெளியே சொல்லாமல் அடக்கிவைக்கும் பழக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று இருப்பதாலேயே நோய் வந்துவிடாது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு.

அடுத்து, சுற்றத்தைப் பாருங்கள். உடலைக் கேலி செய்யும் நண்பர்கள், எடையைக் கணக்கில் கொள்ளும் மல்யுத்தம், பாலே நடனம் போன்ற துறைகள், ஒல்லியே அழகு என்று ஓயாமல் காட்டும் திரைகள் ஆகிய அனைத்தும் அழுத்தம் தருபவை. பசிபிக் தீவு நாடான பிஜியின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. 1998இல் அங்குள்ள பள்ளி மாணவிகளை ஆராய்ந்தபோது, உடல் இளைக்க வேண்டும் என்ற ஏக்கமும் உண்ணுதல் கோளாற்றின் அறிகுறிகளும் கூடியிருந்தன. வீட்டில் நாமே சொல்லும் "கொஞ்சம் இளைத்தால் நன்றாயிருக்கும்" என்ற வார்த்தையும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

பிள்ளை திடீரெனக் கடும் டயட்டில் இறங்கினால் பாராட்டாதீர்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45இல் நடந்த ஆய்வில், உடலும் மனமும் நலமாயிருந்த 36 ஆண்கள் சுமார் ஆறு மாதம் அரைவயிற்று உணவில் வைக்கப்பட்டபோது, அவர்களில் பலருக்கு உணவைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சிலர் சமையல் நூல்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். பட்டினியே மனத்தை இப்படித் திருப்பிவிடும் என்பதால், தொடக்கத்திலேயே தலையிடுவது மிக முக்கியம் என்று கருதுகிறேன்.

பேச வேண்டியதைச் சாப்பாட்டு வேளையில் பேசாமல், தனிமையில், எடையைக் குறிப்பிடாமல் பேசுங்கள்: "கொஞ்ச நாளாக எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லையே, மனசுக்கு ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். மறைந்து உண்பது, சாப்பிட்டதும் குளியலறைக்குள் போய்விடுவது, மாதவிடாய் நிற்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும், எடை சரியாக இருந்தாலும், ஆண் பிள்ளையே ஆனாலும், மருத்துவரிடம் காட்டுங்கள். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.